மூடுபனியும் ஒரு தொன்னைக் கிச்சடியும்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்குக் குளிர் என்பது மார்கழி மாதத்து விடியற்காலை மட்டுமே. வாசலில் கோலமிடும் அன்னையின் முந்தானையில் ஒட்டியிருக்கும் சிறு ஈரம். கோயிலிலிருந்து வரும் வெண்பொங்கலின் சூடு. கதிரவன் பனைமரத்தின் உச்சியைத் தொட்டதும் அந்தக் குளிர் விடைபெற்றுவிடும். 1991ஆம் ஆண்டு நவம்பரில் வங்கி என்னை லக்னோவுக்கு மாற்றியபோது, இந்த அனுபவத்தை நம்பி ஒரே ஒரு கம்பளிச் சட்டையுடன் புறப்பட்டுச் சென்றேன். அங்கே நான்கு குளிர்காலங்களைக் கழித்தேன். குளிரைத் தாங்கும் கலையை அந்நகரத்தின் மக்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சில பாடங்களை நான் தவறு செய்தே கற்றேன்.

வெயிலுக்குக் காத்திருக்கும் நகரம்

குளிர்காலத்தின் வருகையை லக்னோவில் முதலில் அறிவிப்பது ஓர் ஒலி. பஞ்சடிப்பவர் வில் போன்ற ஒரு கருவியைத் தோளில் சுமந்தபடி தெருத்தெருவாக வருவார். அதன் நாணைச் சுண்டும்போது எழும் ஓசை கேட்டதும் வீட்டினர் சென்ற ஆண்டின் ரஜாய்களை வெளியே கொண்டுவருவர். ரஜாய் என்பது பஞ்சு நிரப்பிய கனமான போர்வை. ஓராண்டுப் பயன்பாட்டில் கட்டிதட்டிப்போன பஞ்சைப் பிரித்தெடுத்து, வில்லின் நாணால் அடித்து, மேகம்போல் பொங்கச் செய்து, மீண்டும் உறைக்குள் இட்டுத் தைத்துத் தருவார் அவர். புதிதாக அடித்த ரஜாய்க்குள் புகுந்துகொண்டவனுக்கு மறுநாள் காலையில் வெளியே வர மனம் வராது.

ஜனவரியில் அந்நகரத்தின் நாள் பத்து மணிக்குமேல்தான் தொடங்கும். வெயில் வந்துவிட்டால் குடும்பம் முழுவதும் மொட்டைமாடிக்கு ஏறிவிடும். பெண்கள் பச்சைப் பட்டாணியை உரிப்பார்கள். கம்பளி நூலால் சட்டை பின்னுவார்கள். ஆண்கள் வறுத்த நிலக்கடலையை உடைத்துத் தின்றவாறு செய்தித்தாள் படிப்பார்கள். கொய்யாப்பழத்தைக் கறுப்பு உப்புத் தொட்டுத் தின்பது அங்கே ஒரு நற்பழக்கம்.

எங்கள் கிளையிலும் அதே நிலைதான். முற்பகலில் வாடிக்கையாளர் எவரும் எட்டிப்பார்ப்பதில்லை. வெயில் ஏறியபின் ஒரே நேரத்தில் திரளுவர். நோட்டுகளை எண்ணுவதற்காக விரலை நனைக்கும் பஞ்சுக்கிண்ணத்து நீர், பனிக்கட்டியைத் தொட்டதுபோல் விரலைச் சுடும். ஜனவரி முதல் வாரத்தில், ஓய்வூதியம் பெற வந்த ஒரு முதியவரின் படிவத்தை நான் திருப்பியளித்தேன். குளிரில் விறைத்த விரல்கள் இட்ட கையொப்பம் எங்கள் பதிவில் இருந்த மாதிரியோடு சற்றும் பொருந்தவில்லை. இதைக் கவனித்த எங்கள் தலைமைக் காசாளர் எழுந்து வந்து, அவரை முற்றத்து வெயிலில் அமர்த்தினார். ஒரு குவளைத் தேநீரை வரவழைத்து, “உடனே பருக வேண்டாம், சற்று நேரம் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருங்கள்” என்றார். கால் மணி நேரத்திற்குப் பின் அம்முதியவர் இட்ட கையொப்பத்தில் ஒரு சுழிகூட மாறவில்லை.

மூடிய அறையில் கரியடுப்பு

முதல் ஆண்டில் மனைவியும் மகளும் ஊரிலேயே இருந்தனர். ஒரு வீட்டின் மாடியறையில் நான் தனியே வாடகைக்கு இருந்தேன். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மையாரை எல்லாரும் ‘மாஜி’ என்று அழைப்பார்கள். முற்றத்தில் ‘அங்கீட்டி’ என்னும் சிறு கரியடுப்பைச் சுற்றி அவர்கள் அமர்ந்து கைகாய்வதைப் பார்த்திருந்த எனக்கு, ஓர் இரவில் ஓர் எண்ணம் தோன்றியது. அணையாதிருந்த அந்த அடுப்பை மாடிக்கு எடுத்துச் சென்று, கட்டிலருகில் வைத்து, சன்னலைத் தாழிட்டு, கதவின் அடி இடைவெளியில் துணியையும் திணித்துவிட்டுப் படுத்தேன்.

அறை இதமாக இருந்தது. சிறிது நேரத்தில் தலை கனத்தது. களைப்பு என்று நினைத்தேன். முற்றத்தில் அடுப்பைக் காணாமல் தேடிய மாஜி, என் செயலை ஊகித்து, படியேறி வந்து கதவை ஓங்கித் தட்டினார். எழுந்து நடந்தபோது கால்கள் என் வயப்படவில்லை. தாழை நீக்கியது மட்டுமே நினைவிருக்கிறது. அவர் சன்னல்களைத் திறந்து, அடுப்பை வெளியே எடுத்துச் சென்று, என்னைத் திறந்தவெளி மாடியில் உட்காரவைத்து, அரை மணி நேரம் ஓயாமல் திட்டினார். அவர் பேசிய இந்தியில் பாதிதான் எனக்குப் புரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

கரி போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே உறங்குபவர் மூச்சுத்திணறலை உணராமலேயே நினைவிழக்கிறார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடமாநிலங்களில் மூடிய அறைக் கரியடுப்பால் நேரும் இறப்புகளைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். அந்த வரிசையில் என் பெயர் சேராமல் காத்தவர் அந்த அம்மையார். மறுநாள் காலை இஞ்சித் தேநீரோடு ஒரு பழைய ரஜாயையும் அவர் மாடிக்கு அனுப்பினார்.

பனியில் விளையும் உணவு

அடுத்த ஆண்டு குடும்பம் வந்து சேர்ந்தது. அப்பொழுதுதான் வடநாட்டுக் குளிர்காலத்தின் மற்றொரு முகத்தை நான் கண்டேன். கோடையில் வாடிக் கிடக்கும் அந்நகரத்துச் சந்தை ஜனவரியில் பசுமைக் கோலம் கொள்கிறது. கடுகுக்கீரை, வெந்தயக்கீரை, ‘பதுவா’ என்னும் வயற்கீரை, செக்கச்சிவந்த கேரட், வெல்லமாய் இனிக்கும் பட்டாணி ஆகியவை குவிந்து கிடக்கும். பச்சைப் பட்டாணியை அரைத்துச் செய்யும் ‘நிமோனா’ என்னும் குழம்பை மாஜியிடம் கற்ற என் மனைவி, பதிலுக்கு அவருக்கு மிளகு ரசம் கற்பித்தார். இருமலுக்கு அதைவிடச் சிறந்த மருந்தில்லை என்று தெருவெங்கும் அவர் பரப்பிவிட்டதால், எங்கள் வீட்டில் மிளகு விரைவில் தீர்ந்துபோகும்.

லக்னோவின் பழைய பகுதியான சௌக்கில் குளிர்காலக் காலைகளில் மட்டும் கிடைக்கும் இனிப்பு ‘மக்கன் மலாய்’. காய்ச்சிய பாலை இரவில் திறந்தவெளிப் பனியில் வைத்து, விடியுமுன் கடைந்து, எழும் நுரையை வழித்தெடுத்து, சர்க்கரையும் குங்குமப்பூவும் சேர்த்து விற்கிறார்கள். வாயில் இட்டதும் இனிப்பும் மணமும் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும். இதையே காசியில் ‘மலையோ’ என்றும் தில்லியில் ‘தௌலத் கி சாட்’ என்றும் அழைக்கின்றனர்.

எள்ளும் வெல்லமும் சேர்ந்த ‘கஜக்’, ‘ரேவடி’ ஆகியவை கடைதோறும் அடுக்கப்பட்டிருக்கும். எள் உடலுக்குச் சூடு தரும் என்பது அங்கும் இங்கும் ஒன்றுபோல் நிலவும் நம்பிக்கை. தை முதல் நாளான மகர சங்கராந்தியை உத்தரப்பிரதேசத்தின் பல பகுதிகளில் ‘கிச்சடி’ என்றே அழைக்கின்றனர். அன்று அரிசியும் தோல் நீக்காத உளுந்தும் சேர்த்துச் சமைத்த கிச்சடியை உண்பதும், பிறருக்கு வழங்குவதும் வழக்கம். கோரக்பூரிலுள்ள கோரக்நாதர் கோயிலில் அன்று மக்கள் கிச்சடியைக் காணிக்கையாகப் படைக்கிறார்கள். இவையெல்லாம் எனக்குச் செவிவழிச் செய்தியாகவே இருந்தன, 1993ஆம் ஆண்டின் தை முதல் நாள் வரை.

பாதையில் வெடிக்கும் ஒலி

அந்நாளைப் பற்றிக் கூறுமுன் மூடுபனியைப் பற்றிச் சில சொற்கள். வானம் தெளிந்து காற்றும் அடங்கிய குளிர்கால இரவுகளில் தரை தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. கங்கைச் சமவெளியில் ஆறுகளும், கோதுமை வயல்களுக்குப் பாய்ச்சிய நீரும், மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களும் தரையையொட்டிய காற்றை ஈரமாக்கி வைத்திருக்கின்றன. அந்த ஈரம் குளிர்ந்து, புகையையும் தூசியையும் கருவாகக் கொண்டு நுண்துளிகளாகிறது. கண்ணுக்குப் புலப்படும் தொலைவு 200 மீட்டருக்குக் குறைந்தால் அதை அடர்ந்த மூடுபனி என்றும், 50 மீட்டருக்குக் குறைந்தால் மிக அடர்ந்த மூடுபனி என்றும் இந்திய வானிலை ஆய்வுத்துறை வகைப்படுத்துகிறது.

இத்தகைய பனியில் தொடர்வண்டி ஓட்டுநருக்குச் சமிக்ஞை விளக்கு அருகில் வரும்வரை தெரியாது. எனவே சமிக்ஞைக்குச் சற்று முன்பாகத் தண்டவாளத்தின்மேல் சிறு வெடிகளைப் பொருத்தி வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து, ‘முன்னே சமிக்ஞை உள்ளது’ என்று ஓட்டுநரை எச்சரிக்கும். அவற்றைப் பொருத்துவதற்காக நடுக்கும் குளிரில் இரவெல்லாம் பாதையோரத்தில் காத்திருப்பவர் ஒருவர் உண்டு. இப்போது செயற்கைக்கோள் வழிகாட்டலில் இயங்கும் ‘ஃபாக் பாஸ்’ என்னும் கருவி ஓட்டுநர் அறையிலேயே வரவிருக்கும் சமிக்ஞையை அறிவிக்கிறது. ஆயினும் வேகம் குறைந்தே தீரும். தாமதம் நேர்ந்தே தீரும்.

தை முதல் நாள்

அந்த ஆண்டு என் தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தார். பொங்கலன்று ஊரில் இருக்க விரும்பினேன். ஆனால் ஜனவரி 14 முதல்தான் விடுப்புக் கிடைத்தது. காணும் பொங்கலுக்காவது போய்ச் சேரலாம் என்று, 13ஆம் தேதி இரவு லக்னோவிலிருந்து ஜான்சிக்குச் செல்லும் வண்டியில் நாங்கள் மூவரும் ஏறினோம். மறுநாள் காலை ஜான்சியில் சென்னை வண்டியைப் பிடிப்பது திட்டம்.

பத்து மணி வண்டி ஒரு மணிக்குத்தான் நகர்ந்தது. கான்பூரைக் கடந்தபின் அவ்வப்போது சக்கரத்தின் அடியில் வெடியோசை கேட்கும், வண்டி தயங்கும், மீண்டும் ஊரும். கால்பியில் யமுனைப் பாலத்தைக் கடந்ததைக் காதால்தான் அறிந்தோம். பொழுது விடிந்தபோது, பெயர்ப்பலகையும் தெரியாத ஒரு சிறிய நிலையத்தில் வண்டி நின்றிருந்தது. அது ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிகள் ஒவ்வொன்றும் கடந்த பிறகே எங்களுக்கு வழி கிடைக்கும் என்றார் நிலைய அதிகாரி.

ஐந்து மணி நேரம் அங்கேயே நின்றோம். புளியோதரை இரவிலேயே தீர்ந்திருந்தது. கடைசி இட்லியை எட்டு மணிக்கு மகள் உண்டாள். நான்கு வயதுக் குழந்தை. இருமலும் இலேசான காய்ச்சலும் வேறு. குடுவையில் பால் இல்லை. தேநீர் விற்றவரிடமும் பால் தீர்ந்துவிட்டது. சட்டைப்பையில் பணம் இருந்தது. அதைக் கொண்டு வாங்குவதற்கு அந்த நடைமேடையில் ஒன்றுமில்லை.

நண்பகலை நெருங்கும் வேளையில் பனிக்குள்ளிருந்து நான்கைந்து பேர் வெளிப்பட்டனர். நிலையத்தின் பின்புறமிருந்த ஊழியர் குடியிருப்புப் பெண்கள். இருவர் ஒரு பெரிய பாத்திரத்தைத் தூக்கி வந்தார்கள். ஒருவர் கையில் இலைத் தொன்னைகள். மற்றொருவர் கையில் நெய்க் கிண்ணமும் ஊறுகாயும். நடைமேடையில் பாத்திரத்தை இறக்கிவைத்து, பயணிகளை அழைத்துக் கிச்சடி வழங்கத் தொடங்கினர். மக்கள் வரிசையில் நின்றார்கள்.

எனக்குத் தயக்கம். கடன் விண்ணப்பங்களை ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கும் அதிகாரி, தானச் சோற்றுக்கு வரிசையில் நிற்பதா? மகளின் முகத்தைப் பார்த்தேன். இறங்கிச் சென்று, இருபது ரூபாய்த் தாளை நீட்டி, மூன்று பேருக்கு வேண்டும் என்றேன். பரிமாறிக்கொண்டிருந்த மூதாட்டி பணத்தைத் தொடவில்லை. “பாபூ, இன்று கிச்சடி. கொடுக்காமல் நாங்கள் உண்ணக்கூடாத நாள். நீங்கள் வாங்கிக்கொண்டால்தானே எங்கள் வீட்டில் தட்டு வைக்க முடியும்?” என்றார். பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நானும் வரிசையின் கடைசிக்குச் சென்று நின்றேன்.

தொன்னையில் ஆவி பறந்தது. அரிசியும் கறுப்பு உளுந்தும் குழைய வெந்து, இஞ்சி மணத்தோடு, மேலே ஒரு கரண்டி நெய். தயிர், அப்பளம், நெய், ஊறுகாய் ஆகிய நான்கும் கிச்சடியின் தோழர்கள் என்று அப்பகுதியில் சொல்வார்கள். அன்று இரண்டு தோழர்களே வந்திருந்தனர், குறையொன்றும் தெரியவில்லை. முந்தைய நாள் முதல் சரியாக உண்ணாத மகள் தொன்னையை வழித்து உண்டுவிட்டு, இன்னும் வேண்டும் என்றாள். குழந்தை இருமுவதைக் கேட்ட அந்த மூதாட்டி, வீட்டிற்குச் சென்று ஒரு குவளைப் பால் கொண்டுவந்து எங்கள் குடுவையில் ஊற்றினார். அவருடைய பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. வண்டி நகர்ந்தபோது பத்தடி தூரத்திற்குள் அவர் பனியில் மறைந்துவிட்டார்.

ஜான்சியில் இறங்கியபோது மாலை நான்கு மணி. சென்னை வண்டியும் பனியில் சிக்கித் தாமதமாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் எங்களுக்குப் போதிய அளவு தாமதிக்கவில்லை. ஒரு மணி நேரத்திற்கு முன் அது புறப்பட்டுச் சென்றிருந்தது. ஊருக்குத் தந்தி அடித்துவிட்டு, இரவைக் காத்திருப்பு அறையில் கழித்து, மறுநாள் வண்டியில் இரு படுக்கைகளைப் பெற்றோம். சென்னையிலிருந்து பேருந்தில் ஏறி, 17ஆம் தேதி நண்பகலில் வீட்டு வாசலை மிதித்தோம். நாங்கள் அடித்த தந்தி அதற்கு மறுநாள் வந்து சேர்ந்தது.

உளுந்தஞ்சோறு

அம்மா கேட்ட முதல் கேள்வி, “பொங்கலன்னைக்குப் பிள்ளை என்ன சாப்பிட்டா?” என்பதுதான். நான் கிச்சடியின் கதையைச் சொன்னேன். அரிசியும் தோலுள்ள உளுந்தும் சேர்த்து என்று நான் விளக்கத் தொடங்கியதுமே அம்மா இடைமறித்தார். “இது நம்ம உளுந்தஞ்சோறுல்லா!”

அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை. எங்கள் நெல்லைப் பகுதியில் தொலி உளுந்தை வறுத்து, அரிசி, பூண்டு, தேங்காய்த் துருவலோடு சமைத்து, எள்ளுத் துவையலுடன் உண்ணும் சோறு அது. ஒரு பருவத்தின் எள்ளும் உளுந்தும் அரிசியும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அதே கூட்டணியில் இருப்பதை நான் தொன்னையில் ஏந்தியிருந்தும் அறியவில்லை.

கட்டிலில் படுத்திருந்த அப்பா எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சொற்கள் தெளிவாக வராது. நாவைச் சிரமப்பட்டுப் புரட்டி, “தொலியோடயாடே?” என்று கேட்டார். “ஆமாப்பா, தொலியோடதான்” என்றேன். அவர் முகத்தின் ஒரு பாதி சிரித்தது. அன்று மாலை அம்மா உளுந்தஞ்சோறு சமைத்தார். அப்பாவுக்கு நன்றாகக் குழைத்து நானே ஊட்டினேன். அந்த ஆண்டு ஆனி மாதத்தில் அவர் மறைந்தார். பனியில் இழந்த ஒன்றரை நாளை நினைத்து நான் பலமுறை வருந்தியதுண்டு. அவரோடு கழித்த அந்த மாலையை நினைக்கும்போது, அதில் அந்த மூதாட்டிக்கும் ஒரு பங்கு இருப்பதாகத் தோன்றும்.

பனிக்காலத்தில் வடக்கே செல்வோருக்கு

டிசம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி இறுதி வரை காசி, பிரயாக்ராஜ், அயோத்தி, தில்லி செல்லும் வாசகர்கள் சில செய்திகளை மனத்தில் கொள்வது நன்று.

ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற வேண்டியிருந்தால், இடையில் சில மணி நேரத்தை நம்பாமல் அரை நாளாவது விடுங்கள். இரு பயணச்சீட்டுகளின் பி.என்.ஆர். எண்களை இணைக்கும் வசதி 2019 ஏப்ரல் முதல் உள்ளது. முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட நேர்ந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெற இது உதவும்.

நீங்கள் ஏறும் நிலையத்தில் வண்டி 3 மணி நேரத்திற்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணம் செய்ய வேண்டாமென்று முடிவெடுத்தால், முழுக் கட்டணத்தையும் கோரலாம். இணையவழிச் சீட்டாயின், வண்டி அங்கிருந்து புறப்படுமுன் டி.டி.ஆர். பதிவு செய்தல் வேண்டும்.

ஒரு நாளுக்கான உணவையும், இரு நாளுக்கான மருந்தையும் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தால் மின்னணுப் பணமும் உடன் தீர்ந்துவிடும். சிறிய மதிப்பு நோட்டுகள் சில கையிருப்பில் இருக்கட்டும். ஓய்வூதியம் பெறும் பெரியோர் குளிர்காலத்தில் கிளைக்கு அலைய வேண்டியதில்லை. 2014 முதல் உள்ள ‘ஜீவன் பிரமாண்’ வழியே ஆயுள் சான்றை மின்னணு முறையில் அளிக்கலாம். தங்கும் அறையில் எந்தக் காரணத்திற்காகவும் கரியடுப்பு வேண்டாம்.

அன்று தொன்னையை வழித்து உண்ட என் மகள் இப்போது தில்லியில் பணிபுரிகிறாள். ஒவ்வொரு தை முதல் நாளிலும் அவள் வீட்டில் சர்க்கரைப் பொங்கலோடு ஒரு பெரிய பாத்திரத்தில் கிச்சடியும் வேகும். குடியிருப்பின் காவலர்களுக்கும் தெருவைக் கூட்டுவோருக்கும் வழங்கிவிட்டு, அதன் பிறகே அவர்கள் வீட்டில் தட்டு வைக்கிறார்கள். சென்ற ஆண்டு நான் அங்கிருந்தேன். நெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும் பணி எனக்குக் கிடைத்தது.